பாடத் தளத்துக்கு உள்ளடக்க மேலாண்மை முறைமையைத் தேர்ந்தெடுத்தல்

உள்ளடக்க மேலாண்மை முறைமை என்பது ஒரு வலைத்தளத்தின் பக்கங்களை எழுதவும், திருத்தவும், வகைப்படுத்தவும், வெளியிடவும் உதவும் மென்பொருள் ஆகும். சுருக்கமாக இதனைச் சி.எம்.எஸ். என்பர். வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல், மீடியாவிக்கி ஆகியவை பலரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இவற்றின் துணையால், எச்.டி.எம்.எல். அறியாத ஆசிரியரும் தம் பாடங்களை இணையத்தில் வெளியிட முடிகிறது.

கணினி மொழி, கணிதம், இலக்கணம், தையல் என ஏதேனும் ஒன்றைப் படிப்படியாகக் கற்பிக்கும் தளத்தை இக்கட்டுரை பாடத் தளம் என்று குறிப்பிடுகிறது. அத்தகைய தளத்தைத் தொடங்குவோர் பெரும்பாலும் "எந்த முறைமை சிறந்தது?" என்ற கேள்வியோடு தொடங்குகின்றனர். இக்கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. பாடத்தின் வடிவம் என்ன, அதை யார் எழுதுவார், யார் திருத்துவார், நாளை வேறு இடத்துக்கு மாற வேண்டி வந்தால் பாடங்களை எப்படி எடுத்துச் செல்வது ஆகிய கேள்விகளுக்கு விடை கண்டபின், பொருத்தமான முறைமை ஒன்றோ இரண்டோதான் எஞ்சும்.

இத்தேர்வில் கவனம் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. நல்ல பாடம் பத்து, பதினைந்து ஆண்டுகள் பயன்படும். மென்பொருளும் சேவை நிறுவனமும் அவ்வளவு காலம் நிலைப்பதில்லை. யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் பெரும்பாலான நாடுகளில் மூடப்பட்டது. துறை வல்லுநர்கள் விளக்கக் கட்டுரைகள் எழுதுவதற்காகக் கூகுள் 2008 இல் திறந்த நால் என்ற சேவை 2012 இல் நிறுத்தப்பட்டது. ஆசிரியர்கள் பலர் வகுப்புக் குறிப்புகளை இட்டுவைத்த விக்கிஸ்பேசஸ் 2018 இல் தன் சேவையை மூடத் தொடங்கியது. இவற்றில் எழுதியவர்களில் பாடங்களைத் தனியே படியெடுத்து வைத்திருந்தவர்களே அவற்றைக் காப்பாற்றிக்கொண்டனர்.

பாடத் தளம் எதில் வேறுபடுகிறது

செய்தித் தளத்திலும் வலைப்பதிவிலும் புதியது முதலில் வரும். நேற்றைய இடுகை இன்றைய இடுகைக்குக் கீழே இறங்கிவிடும். பாடத் தளத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் எழுதிய பாடமே முதலில் படிக்க வேண்டிய பாடம். ஐந்தாம் பாடத்தை மூன்று ஆண்டுகள் கழித்துத் திருத்தி எழுதினாலும் அது ஐந்தாம் இடத்திலேயே நிற்க வேண்டும். நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் புதிய பாடம் ஒன்றைச் செருகினால் பிற பாடங்களின் வரிசை எண்ணும், "முந்தைய பாடம்", "அடுத்த பாடம்" என்ற இணைப்புகளும் தாமாகவே மாற வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு திருத்தம். பாடம் எழுதி முடிக்கப்பட்ட பின்பும் மாறிக்கொண்டே இருக்கும். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிந்தது. அதற்குமுன் எழுதப்பட்ட பாடங்களில் திரையில் அச்சிடும் கட்டளை அடைப்புக்குறி இன்றி இருக்கும். மூன்றாம் பதிப்பில் அது இயங்காது. இத்தகைய தளத்தில் எந்தப் பக்கம் எப்போது, யாரால், என்ன காரணத்துக்காகத் திருத்தப்பட்டது என்ற வரலாறு தேவைப்படும்.

மூன்றாவது, பாடத்தில் வெறும் உரை மட்டும் இருப்பதில்லை. நிரல் துண்டுகள், சமன்பாடுகள், அட்டவணைகள், திரைப்படங்கள், வினாக்கள் எல்லாம் கலந்து வரும். அவற்றைச் சிதைக்காமல் காட்டும் முறைமையே பாடத்துக்கு உதவும். தோற்ற அழகும் செருகுநிரல்களின் எண்ணிக்கையும் இதற்கு அடுத்தபடியாகவே கருதத்தக்கவை.

முறைமைகளின் வகைகள்

பாடத் தளத்துக்குப் பயன்படக்கூடிய மென்பொருள்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றும் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. அந்தப் பிறப்பின் தடம் அதன் இயல்பில் இன்றும் தெரியும்.

முதல் வகை, வலைப்பதிவிலிருந்து வளர்ந்தவை. 2003 மே மாதம் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோர் பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து கிளைத்து வேர்ட்பிரஸை வெளியிட்டனர். இன்று உலக வலைத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இதில் இயங்குவதாகக் கணக்கிடப்படுகிறது. இதன் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் 50,000க்கும் மேற்பட்ட இலவசச் செருகுநிரல்கள் உள்ளன. உதவி கேட்கவும் ஆள் கிடைப்பர். ஆயினும் இதன் "இடுகை" என்ற வடிவம் காலவரிசையையே அடிப்படையாகக் கொண்டது. பாடங்களை இடுகைகளாக எழுதினால் கடைசிப் பாடம் முதலில் தோன்றும். "பக்கம்" என்ற வடிவத்தில் எழுதினால் தாய்ப்பக்கம், கிளைப்பக்கம், வரிசை எண் ஆகியவற்றைக் குறிப்பிட முடியும். வேர்ட்பிரஸில் பாடத் தளம் அமைப்போர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுவே. கூகுளின் பிளாக்கரும் இதே வகையைச் சேர்ந்தது. அதில் பக்க வரிசை அமைப்பதற்கான வசதி இன்னும் குறைவு.

இரண்டாம் வகை, பொதுநோக்கு முறைமைகள். மாம்போ என்ற மென்பொருளிலிருந்து 2005 இல் பிரிந்த ஜூம்லாவும், டிரைஸ் பைட்டார்ட் 2001 இல் வெளியிட்ட துருபலும் இதில் அடங்கும். பல வகை உள்ளடக்கங்களையும் பல நிலைப் பயனர் உரிமைகளையும் இவை நுட்பமாகக் கையாளும். துருபலில் "புத்தகம்" என்றொரு கூறு நெடுங்காலம் உள்ளேயே அமைந்திருந்தது. பக்கங்களை அத்தியாயங்களாக அடுக்கினால் "முந்தைய", "அடுத்த", "மேலே" என்ற இணைப்புகளை அதுவே உருவாக்கித் தரும். பாடத் தளத்துக்கு மிகவும் ஏற்ற இக்கூறு, 11 ஆம் பதிப்பில் மையத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டுத் தனியே நிறுவ வேண்டிய கூறாகிவிட்டது. ஒரே ஒரு வசதியை நம்பி முறைமையைத் தேர்ந்தெடுப்பவர் இதை நினைவில் கொள்வது நல்லது.

மூன்றாம் வகை, விக்கி மென்பொருள்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி இவற்றுள் முதன்மையானது. பாடநூல்களைக் கூட்டாக எழுதுவதற்காக 2003 சூலையில் தொடங்கப்பட்ட விக்கிநூல்கள் திட்டமும் இதிலேயே இயங்குகிறது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டமும் மீடியாவிக்கியைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு திருத்தமும் பதிவாவதும், எந்தப் பழைய வடிவத்துக்கும் திரும்ப முடிவதும் விக்கியின் பெரும் வலிமை. பாட வரிசையை மட்டும் வார்ப்புருக்களைக் கொண்டு நாமே அமைக்க வேண்டியிருக்கும். சிறிய தளங்களுக்கு 2004 இல் வெளிவந்த டோக்குவிக்கி உண்டு. இது தரவுத்தளம் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் ஓர் எளிய உரைக்கோப்பாகச் சேமிக்கிறது.

நான்காம் வகை, கற்றல் மேலாண்மை முறைமைகள். மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002 ஆகத்தில் முதற்பதிப்பு வெளிவந்த மூடில் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. மாணவர் பதிவு, ஒப்படைப்பு, தேர்வு, மதிப்பெண், முன்னேற்றக் கணக்கு ஆகியவை இதன் அடிப்படை. வகுப்பறை ஒன்றை இணையத்தில் நடத்துவதற்கு இது ஏற்றது. ஆனால் தேடுபொறி வழியாக வந்து ஒரு பாடத்தை மட்டும் படித்துவிட்டுச் செல்லும் வாசகருக்கு இது பொருந்தாது. இயல்பான அமைப்பில் பாடங்கள் உள்நுழைவுக்குப் பின்னாலேயே இருக்கும். விருந்தினருக்குத் திறந்துவிட முடியும் என்றாலும், அதன் கட்டமைப்பு பதிவு செய்த மாணவரையே மனத்தில் கொண்டது.

ஐந்தாம் வகை, நிலைப்பக்க உருவாக்கிகள். ஜெக்கில், ஹியூகோ, எம்கே டாக்ஸ், ஸ்பிங்க்ஸ், டாக்குசாரஸ் ஆகியவை இவ்வகை. கண்டிப்பாகச் சொன்னால் இவை உள்ளடக்க மேலாண்மை முறைமைகள் அல்ல, எனினும் அதே வேலையைச் செய்கின்றன. பாடங்கள் மார்க்டவுன் போன்ற எளிய குறிமொழியில் உரைக்கோப்புகளாக எழுதப்படும். மென்பொருள் அவற்றை ஒருமுறை எச்.டி.எம்.எல். பக்கங்களாக மாற்றித் தரும். வழங்கியில் தரவுத்தளமோ பி.எச்.பி.யோ தேவையில்லை. பைத்தானின் ஆவணங்கள் ஸ்பிங்க்ஸ் கொண்டும், குபெர்னெட்டிஸின் ஆவணங்கள் ஹியூகோ கொண்டும் உருவாக்கப்படுகின்றன. பாட வரிசையும் பக்கவாட்டுப் பட்டியலும் இவற்றில் பலவற்றுக்கு இயல்பாகவே அமைந்தவை. எழுதுபவர் உரைக்கோப்புகளோடும் கட்டளை வரியோடும் பழக வேண்டும் என்பதே இவற்றின் தடை.

நிரல் துண்டுகளும் குறியீடுகளும்

கணினிப் பாடம் எழுதுவோர் முறைமையைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு சிறு சோதனை செய்யலாம். மேற்கோள் குறியும் உள்தள்ளலும் உள்ள நான்கு வரிப் பைத்தான் நிரல் ஒன்றைப் பக்கத்தில் இட்டு வெளியிட வேண்டும். பிறகு வாசகர் செய்வது போலவே அதைப் படியெடுத்து இயக்கிப் பார்க்க வேண்டும்.

பல முறைமைகள் அச்சழகுக்காக நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக மாற்றுகின்றன. வேர்ட்பிரஸும் இதைச் செய்கிறது. நிரலுக்கென்று உள்ள கட்டத்தில் இட்டால் குறிகள் மாறுவதில்லை. சாதாரணப் பத்தியில் இட்டால் மாறிவிடும். கண்ணுக்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் அதைப் படியெடுத்து இயக்கும் மாணவருக்கு நிரல் பிழை காட்டி நின்றுவிடும். முதல் பாடத்தைப் படிக்கும் மாணவர் பிழை தம்முடையது என்றே நினைப்பார். சிலர் அத்தோடு கற்பதையே விட்டுவிடக்கூடும்.

பைத்தானில் வரியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளிகளுக்குப் பொருள் உண்டு. எச்.டி.எம்.எல். சாதாரணப் பத்தியில் அடுத்தடுத்து வரும் இடைவெளிகளை ஒன்றாக்கிக் காட்டும். ஆகவே நிரலை உரிய கட்டத்தில் இடும் வழி எழுதுவோருக்கு எளிதாக இருக்க வேண்டும். மார்க்டவுன் கோப்புகளில் நிரலின் மேலும் கீழும் மூன்று குறிகள் இட்டால் போதும்.

இரட்டை நெளிவு அடைப்புக்குறிகள் இன்னொரு சிக்கல். மீடியாவிக்கியில் அவை வார்ப்புருவை அழைக்கும் குறிகள். ஜெக்கிலில் அவை மதிப்பை இட்டு நிரப்பும் குறிகள். இவ்விரண்டிலும் அத்தகைய குறிகள் கொண்ட நிரலைக் கற்பிக்க வேண்டுமானால் "இதை அப்படியே விடு" என்று சொல்லும் தனிக் குறியை ஒவ்வொரு முறையும் இட வேண்டும். எதைக் கற்பிக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து இது சிறு தொல்லையாகவோ பெருந்தொல்லையாகவோ இருக்கும்.

தமிழுக்கே உரிய சோதனைகள்

ஒருங்குறி பரவலான பின் தமிழில் எழுதுவதும் படிப்பதும் எல்லா முறைமைகளிலும் இயல்பாகிவிட்டது. இருப்பினும் நான்கு இடங்களில் இன்னும் கவனம் தேவை.

ஒன்று, பக்கத்தின் முகவரி. ஒருங்குறியின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொண்டது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்துகளாகக் குறிக்கப்படும். ஆக ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடங்கள் வேண்டும். "கி" என்பது க, இகரக் குறி என இரு குறிகள் ஆதலால் 18 இடங்கள். வேர்ட்பிரஸ் முகவரியின் இறுதிப் பகுதிக்கு 200 இடங்களே தருகிறது. எனவே ஏறத்தாழ 22 தமிழ்க் குறிகளோடு அது துண்டிக்கப்படும். "பைத்தான் மொழியில் நிபந்தனைக் கூற்றுகள்: முதல் பகுதி" என்ற தலைப்பு, முகவரியில் "பைத்தான்-மொழியில்-நிபந்த" என்று நின்றுவிடும். அதன் இரண்டாம் பகுதிக்கும் ஏறத்தாழ அதே முகவரியே, இறுதியில் 2 என்ற எண்ணோடு, அமையும். மீடியாவிக்கியில் பக்கத் தலைப்பின் உச்ச அளவு 255 பைட்டுகள், அதாவது 85 தமிழ்க் குறிகள். பாடத்தை வெளியிடுமுன்பே குறுகிய முகவரியைக் கையால் அமைத்துவிடுவது இதற்கு எளிய தீர்வு. வெளியிட்டபின் மாற்றினால் பிறர் கொடுத்த இணைப்புகள் அறுந்துபோகும்.

இரண்டு, தேடல். பல முறைமைகளின் உள்தேடல், தரப்பட்ட எழுத்துக்கோவையை அப்படியே தேடுகிறது. ஆங்கிலத்தில் இது ஓரளவு போதும். தமிழில் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் ஈறே மாறுகிறது. "பாடம்" என்று தேடினால் "பாடத்தில்", "பாடங்களை" என்பவை அகப்படா. "நிரல்" என்று தேடினால் "நிரலை" அகப்படாது, புள்ளி நீங்கிவிடுகிறதல்லவா? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2019 இல் வெளிவந்த 12 ஆம் பதிப்பு முதல் தமிழ்ச் சொற்களின் அடிச்சொல்லைக் காணும் வசதியைத் தருகிறது. ஆனால் வேர்ட்பிரஸ் போன்றவை மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளத்தையே சார்ந்தவை. தேடலை முழுதும் நம்பாமல், எல்லாப் பாடங்களையும் காட்டும் பொருளடக்கப் பக்கம் ஒன்றைத் தமிழ்ப் பாடத் தளம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

மூன்று, அகரவரிசை. கலைச்சொல் பட்டியல் தரும் தளங்கள் இதில் இடறுகின்றன. ஒருங்குறி அட்டவணையில் தமிழ் எழுத்துகளின் வரிசை அகராதி வரிசையோடு ஒத்துப்போவதில்லை. அதில் ற, ரகரத்தின் பின்னும், ன, நகரத்தின் பின்னும், ழ, வகரத்தின் முன்னும் வருகின்றன. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் முறைமை "பழம்" என்பதைப் "பவளம்" என்பதற்கு முன் வைக்கும். அகராதியில் "பவளம்" முன்னே வர வேண்டும். மொழிக்கேற்ற வரிசை விதிகளைப் பயன்படுத்த முறைமை இடம் தருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

நான்கு, தோற்ற வார்ப்புரு. ஆங்கிலத்துக்காக வரைந்த வார்ப்புருக்களில் வரி இடைவெளி நெருக்கமாக இருக்கும். தமிழில் மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் ஒன்றையொன்று தொடும். எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி விடும் வார்ப்புருக்களில் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகள் தம் மெய்யெழுத்தை விட்டு விலகித் தெரியும். பட்டியல் பக்கத்தில் முன்னுரையை எழுத்து எண்ணிக்கைப்படி வெட்டும் வார்ப்புரு "மென்பொருள்" என்பதை "மென்பொர" என்று நிறுத்தக்கூடும். இரண்டு பத்தி தமிழ் உரையை இட்டுப் பார்த்தாலே இவை தெரிந்துவிடும்.

எழுதுவோரும் திருத்துவோரும்

முறைமையின் தேர்வு, யார் எழுத முடியும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. இதற்கு மொசில்லா தொடங்கிய எம்.டி.என். தளம் நல்ல சான்று. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் கற்போர் உலகெங்கும் நாடும் இத்தளம் 2005 இல் தொடங்கியது. நெடுங்காலம் அது விக்கியாக இயங்கியது. பதிவு செய்த எவரும் உலாவியிலேயே பக்கத்தைத் திருத்தலாம், திருத்தம் உடனே வெளியாகும். 2020 திசம்பரில் அதன் உள்ளடக்கம் முழுவதும் கிட்ஹப் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டது. அதன்பின் திருத்தம் செய்வோர் தம் மாற்றத்தை முன்மொழிய வேண்டும். மற்றொருவர் சரிபார்த்து ஏற்றபின்பே அது தளத்துக்கு வரும்.

இம்மாற்றத்தால் தரம் காப்பது எளிதாயிற்று. பிழையான திருத்தங்கள் வாசகரை அடையுமுன் தடுக்கப்படுகின்றன. மறுபுறம், கிட் பழகாத ஒருவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதற்குக்கூடப் புதிய வழிமுறை ஒன்றைக் கற்க வேண்டியதாயிற்று. பராமரிக்கும் குழு இல்லாத பல மொழிகளின் பெயர்ப்புப் பக்கங்களும் பின்னர் தளத்திலிருந்து விலக்கப்பட்டன. தன்னார்வலர் சிலரை மட்டும் நம்பியிருக்கும் மொழிகளில் பாடத் தளம் நடத்துவோர் இதைக் கருத வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: நாளை இப்பாடங்களைத் திருத்தப் போகிறவர் யார்? தமிழாசிரியர், தையலாசிரியர், கணக்காசிரியர் போன்றோர் என்றால் உலாவியில் எழுதும் வசதியுள்ள வேர்ட்பிரஸோ விக்கியோ பொருந்தும். நிரலாளர் குழு என்றால் நிலைப்பக்க உருவாக்கியும் கிட்டும் பொருந்தும்.

செலவும் பராமரிப்பும்

மேலே சொன்னவற்றுள் பெரும்பாலானவை கட்டற்ற மென்பொருள்கள், உரிமக் கட்டணம் இல்லாதவை. செலவு வேறு இடத்தில் வருகிறது. வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல், மீடியாவிக்கி, மூடில் ஆகியவற்றுக்குப் பி.எச்.பி.யும் தரவுத்தளமும் உள்ள வழங்கி தேவை. ஆண்டுதோறும் இடவாடகையும் ஆள்களப் பெயருக்கான கட்டணமும் கட்ட வேண்டும். அவற்றோடு இற்றைப்படுத்தல் என்னும் ஓயாத வேலையும் உண்டு. வேர்ட்பிரஸ் 2013 இல் வந்த 3.7 பதிப்பு முதல் சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவிக்கொள்கிறது. ஆயினும் கைவிடப்பட்ட செருகுநிரல்கள் வழியே தளம் கைப்பற்றப்படும் இடர் எப்போதும் உண்டு. செருகுநிரல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

பெரிய பதிப்பு மாற்றம் வரும்போது செலவு கூடும். 2011 சனவரியில் வெளிவந்த துருபல் 7க்கான ஆதரவு 2025 சனவரியில் முடிந்தது. அதிலிருந்து அடுத்த பதிப்புகளுக்குச் செல்வது சாதாரண இற்றைப்படுத்தல் அன்று. புதிய தளம் ஒன்றை அமைத்து உள்ளடக்கத்தை அதற்குள் பெயர்க்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைக்காத சிறு குழுவுக்கு இது பெருஞ்சுமை.

நிலைப்பக்கங்களுக்குப் பராமரிப்பு மிகக் குறைவு. கிட்ஹப் பேஜஸ் பொதுக் களஞ்சியங்களுக்கு இலவசமாக இடம் தருகிறது. தளத்தின் அளவு 1 ஜி.பி.க்குள் இருக்க வேண்டும். உரையும் சிறு படங்களும் கொண்ட நூறு பாடங்களுக்கு இது தாராளம். காணொளிகளுக்குப் போதாது. நிலைப்பக்கங்கள் தரவுத்தளத்தைத் தேடாமல் நேரே வருவதால் மெதுவான அலைபேசி இணைப்பிலும் விரைவில் திறக்கும்.

வெளியேறும் வழி

எந்த முறைமைக்குள் நுழையுமுன்பும் அதிலிருந்து வெளியேறும் வழியைப் பார்த்துவிட வேண்டும். "ஏற்றுமதி" என்ற பொத்தான் இருப்பது மட்டும் போதாது, அது எதைத் தருகிறது என்று பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பில் உரை முழுவதும் இருக்கும். படங்கள் இருக்கா, அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். புதிய தளம் அந்த முகவரிகளுக்குச் சென்று படங்களை இறக்கிக்கொள்ளும். பழைய தளம் மூடப்பட்ட பிறகு இக்கோப்பை மட்டும் வைத்திருப்பவரிடம் படமில்லாப் பாடங்களே எஞ்சும். படங்கள் உள்ள கோப்புறையையும் தரவுத்தளத்தையும் தனியே படியெடுப்பது கட்டாயம்.

செருகுநிரல்கள் இன்னொரு பூட்டு. வினாடி வினா, படிநிலைப் பாடம், தாவல் பெட்டி போன்றவற்றைச் சில செருகுநிரல்கள் பக்கத்தினுள் சதுர அடைப்புக்குறியில் இட்ட குறுங்குறிகளாகச் சேமிக்கின்றன. செருகுநிரலை நீக்கியதும் வினாக்கள் மறைந்து, அந்த இடத்தில் அடைப்புக்குறிகள் மட்டும் வெறுமனே தெரியும். பாடத்தின் உயிரான பகுதிகளைச் செருகுநிரலுக்குள் வைக்காமல் இயல்பான உரையாகவும் பட்டியலாகவும் எழுதுவது பாதுகாப்பானது.

மார்க்டவுன் கோப்புகளும் டோக்குவிக்கியின் உரைக்கோப்புகளும் இவ்வகையில் எளியவை. கோப்புறையைப் படியெடுத்தால் பாடங்கள் அனைத்தும் வந்துவிடும். எந்த உரைத்தொகுப்பியிலும் அவற்றைத் திறந்து படிக்கலாம்.

மென்பொருளின் உரிமமும் பாடத்தின் உரிமமும் வெவ்வேறு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பொதுமக்கள் உரிமம் உள்ள வேர்ட்பிரஸில் எழுதுவதால் பாடம் பொதுச்சொத்து ஆகிவிடாது. பிறர் படியெடுத்துப் பயன்படுத்தலாம் என்று விரும்பினால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தளத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். தளம் ஒருநாள் மறைந்தாலும், அவ்வாறு பிறர் எடுத்துவைத்த படிகளால் பாடம் வாழும்.

ஒரு வாரச் சோதனை

இரண்டு முறைமைகளைத் தெரிந்தெடுத்து, ஒரே மூன்று பாடங்களை இரண்டிலும் இட்டுப் பார்ப்பது எந்த ஒப்பீட்டுப் பட்டியலையும்விடத் தெளிவான விடை தரும். ஒரு பாடத்தில் நிரலோ சமன்பாடோ, ஒன்றில் படங்களும் அட்டவணையும், ஒன்றில் வினாக்களும் இருக்கட்டும். பிறகு கீழ்க்காணும் ஏழையும் செய்து பார்க்கலாம்.

1. முதல் பாடத்துக்கும் இரண்டாம் பாடத்துக்கும் இடையில் புதிய பாடம் ஒன்றைச் செருகி, வரிசையும் இணைப்புகளும் சரியாக மாறுகின்றனவா என்று பார்த்தல்.
2. தளத்தை அறியாத ஒருவரிடம் கொடுத்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லுதல்.
3. அத்திருத்தத்தை வரலாற்றில் கண்டு, பழைய வடிவத்துக்குத் திரும்புதல்.
4. நிரலைப் படியெடுத்து இயக்குதல்.
5. விலை குறைந்த அலைபேசி ஒன்றில் மூன்று பாடங்களையும் படித்தல்.
6. உருபேற்ற தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடுதல்.
7. எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து, தளத்தை அழித்துவிட்டு, மீண்டும் நிறுவுதல்.

ஏழாவதைப் பலர் செய்வதில்லை. மூன்று பாடங்கள் மட்டும் இருக்கும்போது அதற்கு ஒரு மணி நேரம் போதும். முந்நூறு பாடங்கள் சேர்ந்தபின், நெருக்கடி நேரத்தில், முதன்முறையாகச் செய்வது கடினம்.

எந்த நிலைக்கு எது

தனி ஆசிரியர் ஒருவர், தொழில்நுட்ப உதவி இல்லாமல், உரையும் படமும் கொண்ட பாடங்களை எழுதுவாரானால் வேர்ட்பிரஸ் போதும். பாடங்களைப் பக்கங்களாக அடுக்கி, செருகுநிரல்களைக் குறைத்து, மாதம் ஒருமுறை முழுப் படி எடுத்துவைக்க வேண்டும். நிரலாக்கம் கற்பிக்கும் சிறு குழுவுக்கு நிலைப்பக்க உருவாக்கி பொருந்தும். பலரும் கூடி எழுதி, எவரும் திருத்தக்கூடிய தொகுப்புக்கு விக்கி ஏற்றது. மாணவர் பெயர்ப்பட்டியலும் மதிப்பெண்ணும் தேவைப்படும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் மூடில் ஏற்றது. பல துறைகள், பல மொழிகள், பல நிலை உரிமைகள் கொண்ட நிறுவனம், பராமரிக்க ஆளும் வைத்திருக்குமானால் துருபலையோ ஜூம்லாவையோ கருதலாம்.

இரண்டு முறைமைகள் சமமாகத் தோன்றினால், பாடங்களை எளிய உரையாக வெளியே எடுத்துத் தருவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிற குறைகளைப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம். மீட்டெடுக்க முடியாமல் போன பாடத்தை மீண்டும்தான் எழுத வேண்டும்.